நான்கு விரல் உயரம்

கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேலும் குனிந்துதான் ஓட்டுவேன் என்றால் சைக்கிளையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறப்பதாவது! போய்ச் சேர்ந்து மூன்று வருஷமான புருஷனையே மறக்க முடியவில்லை. அவளுடைய கை, கால், தோள் எல்லாம் அளந்து, ஸ்டீல் குழாய்களைப் பற்றவைத்து அவர் செய்துகொடுத்த சைக்கிள் அது.

மறுநாள் காலையே பட்டறைக்கு ஓட்டி வந்துவிட்டாள். பட்டறை இப்போது நாத்தனார் கையில். அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இவர்கள் விஷயத்தில் அது பொய்த்துப்போனது.

"ஹேண்டிலை மொத்தம் நாலு விரல் ஏத்திக் குடு. வீட்லயே நானா ரெண்டு விரல் இழுத்துட்டேன்."

நாத்தனார் ஸ்பேனரைக் கீழே போட்டாள். "நீங்களா? உசுரு மேல ஆசையே இல்லையா அண்ணி? உள்ள இறங்குற கம்பில ஒரு கோடு இருக்கும். அது வெளிய வந்துட்டா பிடிப்பு பத்தாது. ஒரு பள்ளத்துல இறங்கினா ஹேண்டில் கையோட வந்துரும்."

"கோடு எதுவும் தெரியலையே."

"அதான் பயமா இருக்கு. அண்ணன் எப்பவும் ஒரு விரல்தான் கூட விடுவான். ரெண்டு விரல் இழுத்தும் தெரியலைன்னா, இதுல கோடு போடவே மறந்துட்டான் போல. புதுக் கம்பி போட்டுரலாம்."

ஒட்ட வெட்டுகிற மனுஷன்தான். பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்தாலும் அன்றைய அளவுக்குத்தான் எடுப்பார். 'நாளைன்னு ஒண்ணு உங்களுக்குக் கிடையாதா?' என்று அவள் கேட்காத நாள் இல்லை. அப்படிப்பட்டவர் இந்த சைக்கிளின் பிரேக் ஒயரை மட்டும் நீளமாக விட்டிருந்தார். அது ஹேண்டிலுக்கு முன்னால் வளையமாகத் துருத்திக்கொண்டு பையில் மாட்டும். ஏறும்போதெல்லாம் இடது கையால் அதைத் தள்ளிவிட்டு, அவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். ஒயர் மாற்றும்போதும் அதே நீளத்துக்குத்தான் வெட்டுவார். கேட்டால் சிரிப்பார்.

"புதுசு வேண்டாம்," என்றாள். "அவர் கைபட்டதை எடுத்துட்டு எனக்கு எதுக்கு இந்த சைக்கிள்?"

நாத்தனார் மேல் போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கம்பியை உருவினாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் தாண்டியும் முடியவில்லை.

எல்லைக் கோடு கீழே, வெகு கீழே இருந்தது. அதற்கு மேலே அரத்தால் போட்ட மூன்று சின்ன வெட்டுகள். முதலாவது, இத்தனை வருஷம் ஹேண்டில் நின்ற உயரம். நாத்தனார் அங்கிருந்து விரல்களை வைத்து அளந்தாள். நான்காவது விரல் முடிந்த இடத்தில் இரண்டாவது வெட்டு.

"பாவி!" என்றாள். "உங்களுக்கு முதுகு வளையப்போறதை அப்பவே கணக்குப் போட்டிருக்கான்."

குழாய்க்குள் கம்பி தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்து, கிரீஸ் தடவி, இரண்டாவது வெட்டில் நிறுத்தி இறுக்கினாள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முறுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாள். பிரேக் ஒயர் இழுபடவில்லை.

"இன்னும் ஒரு வெட்டு பாக்கி இருக்கு அண்ணி. அவசரப்படாம கிழவியாகுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இதை ஏற்றிவிட அவரல்லவா இங்கே நின்றிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

பையை ஹேண்டிலில் மாட்டி ஏறி உட்கார்ந்தாள். நிமிர்ந்து உட்கார முடிந்தது, கழுத்து வலிக்கவில்லை. பழக்கத்தில் இடது கை வளையத்தைத் தள்ளிவிட முன்னால் நீண்டது. அங்கே வளையம் இல்லை. ஹேண்டில் ஏறிய உயரத்துக்கு ஒயர் சரியாகப் போயிருந்தது.

கையை அப்படியே வைத்துக்கொண்டு, "உங்களைத் திட்ட இனிமே எனக்கு என்ன இருக்கு?" என்று அழுதாள்.