காயலுக்குக் கட்டிய ஓலை

காயலில் மீன் சிறுத்துக்கொண்டே போவதை மாசினா கொஞ்ச காலமாகவே கவனித்துவந்தாள். தீவுத் தலைவன் தௌமாலிக்கு அவள் அக்கா. அங்கே தலைவனின் அக்கா என்றால் தலைவனுக்கும் ஒரு படி மேல். அவள் சபித்தால் வாழைகூடக் குலை தள்ளாது என்று நம்பினார்கள். ஆனாலும் தண்ணீர் வடியும் நேரத்தில் மற்ற பெண்களோடு பவளப்பாறையில் சிப்பி பொறுக்க அவளும் போவாள்.

அப்படிப் போன ஒருநாள், அனாயே என்பவளின் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். நடுவே சினை மீன்களும் கிடந்தன.

"ஏண்டி, இதைக்கூடவா விடல?"

"நான் விட்டா பக்கத்து வீட்டுக்காரி அள்ளிடுவாம்மா. புள்ளைங்களுக்கு வேற எதை ஆக்கிப் போடுறது, உங்க சாபத்தையா?"

தீவுக்கு முதல் படகில் வந்து இறங்கிய முன்னோர் காலத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் நடந்து திரிந்த கொழுத்த பறவைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டார்கள்; மாசினா அவற்றின் ஓர் இறகைக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காயலின் வாயில் ஒரு கம்பை ஊன்றி, முடைந்த தென்னோலையை அதில் கட்டினாள். அடுத்த ஈரப்பலா பழுக்கும்வரை உள்ளே வலையோ தூண்டிலோ ஈட்டியோ கூடாது என்றாள். தலைவனின் தலையைத் தொடத் தடை உண்டு, அவன் பாயில் உட்கார உண்டு, ஆமைக்கறி தின்னவும் உண்டு. தண்ணீருக்குத் தடை போட்டு யாரும் கேள்விப்பட்டதில்லை.

"கடலுக்கே வேலி போட்டுட்டா மகராசி!" என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, ஓலையைத் தொடும் துணிச்சல் ஒருவனுக்கும் வரவில்லை. பாறைக்கு வெளியே பேரலையில் போய் வலை வீசி, பல நாள் வெறும் படகோடு திரும்பினார்கள். மாசினாவும் சேப்பங்கிழங்கைத் தின்றே நாளைத் தள்ளினாள்.

அந்தச் சமயத்தில்தான் மேற்குத் தீவுத் தலைவன் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. தௌமாலி அக்காவைத் தேடி வந்தான். முறைப்படி உள்ளே காலெடுத்து வைக்காமல், வாசலுக்கு வெளியே தலை குனிந்து நின்றான்.

"அக்கா, விருந்துக்கு மட்டும் ஒரு வலை வீசிக்கிறேன். மீன் இல்லாம விருந்து வச்சா காறித் துப்புவாங்க."

"உனக்கு ஒரு வலைன்னா அனாயேக்கும் ஒரு வலை. அப்புறம் அது வெறும் ஓலை."

"நான் தலைவன்க்கா."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் திரும்பிப் போய்விட்டான். சாபம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனைக் கட்டிப்போட்டிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவனாக முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விருந்தன்று பன்றிக்கறி, கிழங்கு, புளித்த ஈரப்பலாக் களி எல்லாம் வந்தன. மீன் வரவில்லை.

"என்னப்பா, உங்க கடல் வத்திப்போச்சா?" என்றான் விருந்தாளித் தலைவன். அவன் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாசினா பாயின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தௌமாலி எழுந்தான். "வத்தல. எங்க அக்கா அதுக்கு ஓய்வு குடுத்திருக்கா. அவ ஊனின கம்பைத் தாண்டி நானே கை வைக்க மாட்டேன். உங்க ஊர்ல தலைவன் கையைக் கட்டிப்போட யாராச்சும் இருக்காங்களா?"

சிரிப்பு அடங்கியது. விருந்தாளி கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கம்பைப் பார்க்க வேண்டும் என்றான். திரும்பிப் போகும்போது ஓலை முடையும் விதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனான்.

ஈரப்பலா பழுத்தது. மாசினா தடையை எடுத்தாள். வலையை இழுக்க ஆள் போதவில்லை. முழங்கை நீளத்துக்குக் கிளிமீன்கள் துள்ளின. முதல் மீன் தலைவனுக்கு என்பது வழக்கம். தௌமாலி அதை அக்காவின் பக்கம் நகர்த்தினான். அவளுக்கு நாவில் எச்சில் ஊறியது. ஆனாலும் அனாயேயைக் கூப்பிட்டாள்.

"முதல்ல உன் புள்ளைங்க சாப்பிடட்டும். தடை போட்டவ கடைசியில சாப்பிடுறேன்."

அதைக் கேட்டதும் தௌமாலியும் தன் பங்கைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தான். அன்று முதல் அந்தத் தீவில் அதுவே முறையாகிவிட்டது. தடை போடும் கை கடைசியில்தான் சாப்பாட்டுக்கு நீளும், அது எவ்வளவு பெரிய கையாக இருந்தாலும்.

எல்லோரும் தின்று முடித்தபோது வாலும் சாறும்தான் மிச்சம். அனாயே அதைச் சிரட்டையில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"முள்ளு கிடக்கும்மா, பாத்துக் குடிங்க."

மாசினா சத்தம் வர உறிஞ்சினாள்.