முதுகில் ஏறிய ரோஸ் சிங்கம்

சட்டிபானை செய்கிற சிட்டிபாபுவின் மேல் எனக்கிருந்த பொறாமையை வறண்ட பாலாற்றில் கொட்டியிருந்தால் செவிலிமேடு முழுகியிருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். மிக்சர் கலக்கி, களிம்பு அரைத்து, ஊரில் பாதிப்பேர் உயிரைக் காப்பாற்றியவன். மீதிப் பாதியை டாக்டர் காப்பாற்றினார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருத்தராவது ஒரு வாழைப்பழம் கொடுத்ததுண்டா? சிட்டிபாபுவுக்குத் தெரிந்ததோ ஒரே வைத்தியம், அக்கி எழுதுவது. இடுப்பில் கொப்புளம் கொப்புளமாய் எரிய, முனகிக்கொண்டே அவன் வாசலில் போய் உட்காருவார்கள். காவி மண்ணைக் கரைத்துக் கொப்புளத்தின் மேலேயே ஒரு சிங்கம் வரைவான். அதற்கு வெற்றிலை, தேங்காய், மாலை! பெருமாளுக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு பூ போயிருக்காது.

அக்கி என்பது பாம்பாம். இடுப்பைச் சுற்றிக்கொண்டே வருமாம். தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் காலியாம். சிங்கத்தைக் கண்டால் பயந்து நின்றுவிடுமாம். உண்மையை டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அந்தப் புண் ஒரு பக்கத்து நரம்போடு போகிறது. நரம்பு நடுமுதுகில் தொடங்கித் தொப்புளருகே முடிகிறது. மறுபக்கம் தாண்ட வழியில்லை. சிங்கம் வந்தாலும் வராவிட்டாலும் பாம்பு நின்றுதான் ஆகவேண்டும்.

எதிர்வீட்டு நெசவாளி கோதண்டபாணி ஒரு வாரம் தறிக்குழியில் உட்கார முடியாமல் தவித்தபோது நான் கலக்கிக் கொடுத்த லோஷனைத்தான் பூசினார். கூடவே சிங்கமும் எழுதிக்கொண்டார். சரியானதும் மாலையோடு எந்த வாசலுக்குப் போனார் தெரியுமா? அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதமே அக்கி எனக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வலியில் துடித்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன். தெருவில் நின்று கத்தினேன்.

“எனக்குச் சிங்கமும் வேணாம், சிறுத்தையும் வேணாம். பாம்பு தானா நிக்குதா இல்லியா, பத்தாம் நாள் எல்லாரும் வந்து பாருங்கபா!”

நின்றால் சிட்டிபாபுவின் கடை காலி. நிற்காவிட்டால் நான் காலி.

என் மனைவி லோகாம்பாள் கண்ணைக் கசக்கினாள். “ஏங்க, தலையும் வாலும் சேந்துக்கினா?”

“சேராதுடி. டாக்டரே சொன்னாரு.”

“உங்களுக்குச் சொன்னாரு, சரி. அந்தப் பாம்புக்கு யாரு சொன்னாங்க?”

வயிற்றுப் பக்கம் லோஷனை நானே பூசிக்கொண்டேன். கை எட்டாத முதுகுக்கு அவள் பூசினாள். விரல் வளைந்து வளைந்து போகும். சுகமாக இருந்தது, ஏனென்று கேட்கவில்லை.

பத்தாம் நாள் காலை என் வாசலில் ஐயாயிரம் பேர். சரி, ஐம்பது. அதிலும் பதினைந்து பேர் குழாயடிக்கு வந்தவர்கள். முன்வரிசையில் சிட்டிபாபு. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்காகியிருந்தது. தொப்புளைத் தொட்டுக் காட்டி, “இங்க நின்னுச்சு பாத்தீங்களா?” என்றேன். பிறகு ராஜநடையாய்த் திரும்பி முதுகைக் காட்டினேன்.

தெருவே வெடித்துச் சிரித்தது.

“கம்பவுண்டர் சார், இது இன்னா சார்? வாலுகூட கீது!” என்றார் கோதண்டபாணி.

சிட்டிபாபு கிட்டே வந்து குனிந்து பார்த்தான். “பல்லுதான் கொஞ்சம் பெருசா பூட்டுது. மத்தபடி நம்ம சிங்கம்தாம்பா.”

முதுகு நிறைய ரோஸ் லோஷனில் ஒரு சிங்கம்! லோகாம்பாள் கதவோரம் நின்று சொன்னாள்: “உங்க மருந்துதாங்க. சும்மா பூசினா இன்னா, சிங்கமா பூசினா இன்னா? சிட்டிபாபு அண்ணன்கிட்ட கேட்டுக்கினு வந்து போட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு.”

கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். “இது தானா நின்னதுபா! லோஷனுக்கு ரோஸ் கலர் குடுக்கறதும் காவி மாதிரி ஒரு செவப்பு மண்ணுதான். காயும், குளுகுளுன்னு இருக்கும், எரிச்சல் அடங்கும். அவ்ளோதான். ரெண்டுமே அக்கிய நிறுத்தாது!”

அவர்கள் காதில் விழுந்தது பாதிதான்.

“லோஷன்லயும் காவிதானாம்! கம்பவுண்டரே சொல்லிட்டாரு!”

மறுநாளிலிருந்து என் வீட்டு வாசலில் வரிசை. எனக்காக இல்லை. இங்கிலீஷ் மருந்தில் சிங்கம் எழுதும் லோகாம்பாளுக்காக. தேங்காய் என்ன, மல்லிகை என்ன! அவளுக்கு வந்த சீப்பிலிருந்து எனக்கும் ஒரு வாழைப்பழம் கிடைத்தது. தொண்டையில் சிக்கியது.

ஒரு சாயங்காலம் சிட்டிபாபு டிஸ்பென்சரிக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“தங்கச்சிக்கு நேத்து எத்தினி தேங்கா வந்துது சார்?”

“பதினொண்ணு.”

அவன் விட்ட பெருமூச்சில் என் மருந்துச் சீட்டெல்லாம் பறந்தது. அவ்வளவு இனிமையான பெருமூச்சை நான் கேட்டதேயில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.