றாபியா மிஸியின் எட்டுக் கேள்விகள்

கடல் ஊருக்குள் வந்து போன ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மருதமுனை நெசவாளி காலிதீனின் இருமல் வாய் திறந்து தன் பெயரைச் சொன்னது. தான் வெறும் சளி இருமல்தான் என்றும், ஐந்து நாளில் போய்விடப் போவதாகவும், இந்த மனிதர் தன்னை வீணாக இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டார் என்றும் அது குறைப்பட்டுக்கொண்டது. சுனாமிக்குப் பிறகு கடல்மீனைத் தொடாதிருந்தவர்கள் அந்தக் கிழமைதான் மறுபடி கீரிமீன் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே கல்முனைச் சந்தையில் சனம் இருமலைவிட மீனைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசியது. இருமல் பேசியது கிளினிக்கில் கனகேஸ்வரி மிஸியின் மேசைக்கு முன்னால், அவள் காலிதீனின் மணிக்கட்டைப் பிடித்த கணத்தில். பக்கத்து மேசையிலிருந்த றாபியா மிஸி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் பிடித்த கைகள் எதுவும் அன்று பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மிஸி என்றால் இந்தப் பக்கத்தில் தாதி. ஆஸ்பத்திரிகள் உடைந்து, இருந்த நாலு டொக்டர்மாருக்கும் காயக்காரரைப் பார்க்கவே பொழுது போதாமல் போனபோது, சின்ன வருத்தங்களை மிஸிமாரே பார்த்து மருந்து கொடுக்கலாம் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. ஒரு பாடசாலை மண்டபத்தில் இருபத்திரண்டு பேருக்கு ஆறு கிழமைப் பயிற்சி. டொக்டர் ஷரிபுதீன் படிப்பித்தார். தடிமல், காதுவலி, கண்ணோய், சிரங்கு, வயிற்றோட்டம் என்று ஒவ்வொன்றையும் எப்படி விசாரிப்பது, எங்கே தொட்டுப் பார்ப்பது, எதைத் தாங்களே பார்க்கலாம், எதை ஒரு நிமிடமும் வைத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் பாடம். ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் எட்டுக் கேள்விகளை மஞ்சள் அட்டையில் அச்சடித்துக் கொடுத்து, வெறும் தடிமலோடு வந்தவனிடமும் எட்டையும் கேட்காமல் விடக்கூடாது என்றார். சாய்ந்தமருது றாபியா சோறு வடிக்கும்போதும் அந்த எட்டையும் சொல்லிப் பாடமாக்கினாள். பரீட்சையில் முதலாவதாக வந்தாள். பாண்டிருப்புக் கனகேஸ்வரியின் வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. முகாமில் கண் மூட முடியாதவள் பின்வரிசை வாங்கில் தலை சாய்த்து வகுப்பெல்லாம் தூங்கினாள். கடைசிக்கு முதல் ஆளாகத் தேறினாள். வரம் போய்ச் சேர்ந்தது அவளுடைய கைக்கு. இதை எப்படிப் பொறுப்பது? றாபியாவால் முடியவில்லை.

நாலு வருடம் இப்படியே போயிற்று. தகரக் கொட்டில் கிளினிக்கில் இரண்டு மேசை, இரண்டு வரிசை. கனகேஸ்வரியின் வரிசை வாசலைத் தாண்டிப் பிரதான வீதி வரைக்கும் நீளும். நிந்தவூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். அவள் கை பட்டதும் வயிற்றோட்டம் அவசர அவசரமாகப் பேசும். சிரங்கு, வீட்டில் இன்னும் யார் யாரிடம் தான் இருக்கிறது என்று முழுக் குடும்பத்தையும் காட்டிக்கொடுக்கும். பரீட்சை நாளில் வந்த வயிற்றுவலி ஒன்று, தான் அங்கே இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. மஞ்சள் அட்டை கனகேஸ்வரியின் மேசை லாச்சியில் கிடந்து மங்கியது. றாபியாவிடம் வந்தவர்கள், சத்தமாகச் சொல்லக்கூடாத வருத்தம் உள்ள நாலைந்து பேர் மட்டுமே. அவர்களிடமும் எட்டையும் கேட்டாள். ஊரடங்கு போட்ட நாட்களிலும் கேட்டாள். உள்ளே எரிந்துகொண்டே கேட்டாள். கனகேஸ்வரியை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட, அவள் மட்டும் மரியாதையாக "கனகேஸ்வரி மிஸி" என்றாள். காய்ச்சல் பார்க்கும் குழாயைக் கையில் கொடுக்க மாட்டாள், மேசையில் வைத்துத் தள்ளிவிடுவாள். தன் விரல் அந்தக் கையில் பட்டால் எது வாய் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல், அவளைப் பெற்ற ஆசியா உம்மாவும் அடுத்த வரிசையில் போய் நின்றதுதான். கேட்டால், "நீ எட்டுக் கேள்வி கேப்பாய் மகள். அடுப்பில கறி கிடக்கு" என்பா.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. அந்தக் கிழமை பாண்டிருப்புத் தமிழ்ச் சனத்தோடு வந்த தலையிடிகள் கனகேஸ்வரியின் கையிலும் பேச மறுத்தன. அவள் ஒன்றும் கேட்காமல் பனடோல் கொடுத்து அனுப்பினாள். அதே கிழமை ஒரு கடிதமும் வந்தது. கிளினிக்குக்குக் கல் கட்டடம் கட்டப்படும், அங்கே தனியாக நோயாளி பார்க்கும் பதவி ஒன்றுதான், டொக்டர் ஷரிபுதீன் வந்து பார்த்து ஆளைத் தெரிவுசெய்வார், மற்றவர் பொத்துவிலுக்கு மாற்றம் என்று அதில் இருந்தது. டொக்டர் வியாழக்கிழமை வந்து மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்தார். றாபியாவின் வரிசையில் இரண்டு பேர். அடுத்த வரிசையில் நாற்பது பேர், அதில் பதினேழாவதாக ஆசியா உம்மா, நெஞ்சைத் தடவிக்கொண்டு.

கனகேஸ்வரி கையைப் பிடித்தாள். "நான் காஸ்ரிக். ராவைக்குத் திண்ட பொரியல்" என்றது ஒரு குரல். அது பொய் சொல்லவில்லை. கனகேஸ்வரி வயிற்றுப் புளிப்புக்குரிய குளிசை கொடுத்தாள், உம்மா வாசலுக்குப் போனா. அங்கே றாபியா எழுந்து வழியை மறித்து, உம்மாவை வாங்கில் இருத்தி, டொக்டருக்குக் கேட்கும்படி உரத்த குரலில் எட்டுக் கேள்வியையும் கேட்கத் தொடங்கினாள். தாய் மேலுள்ள பாசம் என்று பிறகு சனம் சொன்னது. அப்படி இல்லை. கேட்காமல் மருந்து கொடுப்பவள் யார் என்பதை அந்த மனிதர் பார்க்க வேண்டும், பொத்துவிலுக்கு அவள் போக வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு.

"வலி வேறெங்கயும் போகுதா உம்மா?" என்பது ஐந்தாவது.

"இடது கைக்குப் போகுது புள்ள. இப்பதான்."

ஆறாவது வியர்வை. கேட்க வேண்டியிருக்கவில்லை. முந்தானை நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. சின்ன வருத்தங்கள் வாயாடிகள், பெரியது அவற்றுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நிற்கும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. டொக்டர் ஓட்டோவைக் கூப்பிட்டார். கனகேஸ்வரி ஓடி வந்தாள், இரண்டு பேருமாக உம்மாவைத் தூக்கினார்கள். உம்மாவுக்குக் கீழே இருவரின் கைகளும் கோத்துக்கொண்டன.

"நான் எரிச்சல்" என்றது றாபியாவின் நெஞ்சிலிருந்து ஒரு குரல். "நாலு வருசமா இந்தப் புள்ளைக்கிட்ட இரிக்கன். எப்ப போவாய் எண்டு கேக்காதீங்க."

நாற்பது பேரும் கேட்டார்கள். டொக்டரும் கேட்டார். றாபியா கையை விட்டிருக்கலாம், ஆனால் விட்டால் உம்மா விழுந்துவிடுவா. ஓட்டோவில் ஏற்றும் வரைக்கும் அது பேசிக்கொண்டே இருந்தது. நாலு வருடத்தில் வந்த நோயாளிகளின் கணக்கையும் சொன்னது.

இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் உம்மா இல்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். உம்மா பிழைத்தா. றாபியா வெட்கத்தில் மூன்று நாள் கிளினிக் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் பின்னேரம் கனகேஸ்வரி சாய்ந்தமருதுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"ஏன் எனக்கு அந்தக் கை வாய்க்கல்ல?" என்று றாபியா முகத்துக்கு நேரே கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் அக்கா. நான் நித்திரையில கிடந்தன்" என்றாள் கனகேஸ்வரி. பிறகு அழுதாள். "காஸ்ரிக் எண்டதும் நான் விட்டுத்தன். நீங்க விடல்ல. நாளைக்கு வாங்க. வரக்குள்ள அந்த எரிச்சலையும் கூட்டிக்கிட்டு வாங்க, அதுதான் என்னை நம்பாம கேள்வி கேக்கும்."

இருவரையும் பிரிக்கக்கூடாது என்று டொக்டர் ஷரிபுதீன் எழுதினார், காரணம் எழுதவில்லை. கல் கட்டடத்தில் இரண்டு மேசையையும் சேர்த்துப் போட்டார்கள், வரிசை ஒன்றாயிற்று. முதலில் கை, பிறகு எட்டுக் கேள்வி. கறி அடுப்பில் கிடந்தாலும் எட்டு. ஆசியா உம்மா எட்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறா. றாபியாவின் எரிச்சல் குறையவில்லை. இப்போதும் ஆட்கள் கையை நீட்டும்போது அவர்கள் முகம் கனகேஸ்வரியைப் பார்த்துத்தான் மலர்கிறது. காலையில் அலுமாரிச் சாவியை வாங்கும்போது விரல் பட்டால், "இரிக்கன்" என்று அது சொல்லும். "ஓம், இரி" என்பாள் கனகேஸ்வரி. றாபியா மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைப்பாள். முதல் ஆளைக் கூப்பிடுவார்கள்.