கிழக்குச் சுவர் ஓரம்

அலுவலகத்தில் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். நகரமைப்பு அலுவலகத்தில் பத்தொன்பது வருட சர்வீஸில் யாருக்காகவும் ஒரு கோட்டை அரை மில்லிமீட்டர்கூட நகர்த்தியதில்லை என்பதால் வந்த பெயர். சொந்தத் தம்பியே வந்து, தன் மனைக்கு முன்னால் போகிற சாலையின் அகலத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான். "வரைபடத்துல என்ன இருக்கோ அதுதான்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் அவளோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வரைபடத்தில் பொய் எழுதினாள்.

ஊர் வடக்கே வளர்ந்துகொண்டிருந்த சமயம் அது. விரிவாக்கப் பகுதி என்று பெயர் வைத்து மனை பிரித்தபோது நானூறு வீடுகளுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்பதே வருடத்தில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. சாலை வந்தது, விளக்கு வந்தது, பள்ளிக்கூடம்கூட வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை லாரி வரும். அன்றைக்குத் தெருவே வேலைக்குப் போகாது. குடங்களின் வரிசையில் மண்டை உடைந்த கதையெல்லாம் உண்டு. அங்கே குடியிருந்த தையல்காரம்மா ஒருத்தி வாரம் தவறாமல் மனுவோடு வருவாள். நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். "உக்காந்தா நீங்க டீ குடுப்பீங்க மேடம், நான் மனுவை மறந்துடுவேன்" என்பாள்.

கடைசியில் மேல்நிலைத் தொட்டி கட்ட உத்தரவு வந்தது. இடம் தேடுகிற வேலை இவள் மேஜைக்கு வந்தது.

பார்த்த இடங்கள் மூன்று. முதலாவது ஏரிக்கரைப் பள்ளம், ஒரு மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இரண்டாவது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அறுபது குடும்பங்கள் தகரக் கூரை போட்டு இருந்த இடம். அவர்களிடம் பட்டா இல்லாததால் காலி செய்வது சுலபம். மூன்றாவது மேட்டு நிலம். அது பழைய இடுகாடு, இடம் நிறைந்துபோய் மூடி எட்டு வருடம் ஆகியிருந்தது. விரிவாக்கப் பகுதியைவிடப் பதினெட்டு மீட்டர் உயரம் என்பதால், அங்கே தொட்டி நின்றால் தண்ணீர் தானாகவே இறங்கி வீடு வீடாகப் போய்விடும்.

துணை இயக்குநருக்கு அறுபது குடும்பம்தான் பிடித்திருந்தது. "செத்தவங்களைத் தொட்டா ஊரே கேள்வி கேக்கும். இவங்களைக் கேக்க யாரும் வரமாட்டாங்க" என்று வெளிப்படையாகவே சொன்னார். இவள் மட்ட அளவுகளையும் குழாய் நீளத்தையும் விரித்து வைத்து நான்கு நாள் வாதாடி, மேட்டு நிலத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தாள். பதிவேட்டில் உள்ள சமாதிகளை எல்லாம் ஊருக்கு வெளியே புது இடத்துக்கு மரியாதையாக மாற்றிக் கொடுப்பது என்று முடிவானது.

அந்த நான்கு நாளும் அவள் வாயில் வராத ஒரு சங்கதி இருந்தது. அந்த இடுகாட்டில் அவளுடைய குழந்தை இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முந்திய கதை. பெண் குழந்தை. ஒரு பகலும் ஓர் இரவும் உயிரோடு இருந்தது. அறுவை சிகிச்சையில் ரத்தம் நிற்காமல் போய், இவளுக்கு நினைவு திரும்பியபோது மூன்றாவது நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்தது அவள் கணவன். கிழக்குச் சுவர் ஓரம், மூன்றாவது தூணுக்குக் கீழே என்று ஒருமுறை சொன்னான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அதன்பின் பிள்ளையும் உண்டாகவில்லை. அவன் மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்வருவான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை, ஊர் முழுக்கச் சுற்றுகிறவன். போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்வான். அவள் ஒருமுறைகூடப் போகவில்லை. தான் முகம் பார்க்காத ஒன்றுக்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊமை கண்ட கனவாக அது உள்ளேயே கிடந்தது.

அளவெடுக்கிற அன்றுதான் முதல் தடவையாக அந்த மேட்டில் ஏறினாள். நில அளவையர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எண்களைச் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். கிழக்குச் சுவரிலிருந்து ஒன்பதடி அகலத்துக்குக் கல்லும் இல்லை, மேடும் இல்லை, புல் மட்டும்தான். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளைப் பதிவேட்டில் ஏற்றுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. சுவர் ஓரமாக எங்கே இடம் இருக்கிறதோ அங்கே காவல்காரர் தோண்டிக் கொடுப்பார். "இங்க ஒண்ணுமில்ல மேடம், என்னன்னு போட?" என்று அளவையர் கேட்டார். மூன்றாவது தூண் அவளுக்கு எதிரேதான் இருந்தது.

'காலி இடம்' என்று எழுதினாள்.

சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொந்த சம்பந்தம் உள்ளவள் என்று ஃபைலை வேறு ஆளிடம் கொடுப்பார்கள். அந்த ஆள் அறுபது குடும்பத்தின் மேல் கோடு போடுவான். இது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்ய முடியாது. அந்த இடத்தில் நின்று, அளவையர் முன்னால், 'என் குழந்தை' என்று வாயைத் திறந்து சொல்ல அவளால் முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்தான். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"இடுகாட்டு கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. கூடவே படமும் இருக்கு. கிழக்குச் சுவர் ஓரம் காலி இடம்னு போட்டிருக்கு. யார் போட்டது?"

"நான்தான்."

"அவ அங்கதான் இருக்கான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவன் பையை இறக்கி வைத்தான். குழாயடியில் வெகுநேரம் கை கழுவினான். அன்றிலிருந்து முன்னறையில் படுக்க ஆரம்பித்தான்.

மறுநாள் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: அறுபது குடும்பம், பதினெட்டு மீட்டர், தையல்காரம்மா, லாரி. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான். டேங்க் அங்கே வரக்கூடாது என்று தான் சொல்லவே இல்லையே என்றான். தண்ணீர் எல்லாருக்கும் வேண்டியதுதான் என்றும் சொன்னான். பிறகு, "காலின்னு ஏன் எழுதினே?" என்று மட்டும் கேட்டான்.

ஆட்சேபனை சொல்ல முப்பது நாள் அவகாசம். இருபத்து மூன்று மனுக்கள் வந்தன. அவற்றைப் பிரித்து வரிசைப்படுத்துவதும் அவள் வேலைதான். பதினேழாவது உறையின் மேல் இருந்தது அவள் கணவனின் கையெழுத்து. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தபாலில் போட்டிருந்தான்.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. எள் போட்டால் கீழே விழாத கூட்டம். பாதிக்கு மேல் விரிவாக்கப் பகுதிக்காரர்கள். ஒவ்வொரு மனுவாக அவள் படிப்பாள். துணை இயக்குநர் முடிவு சொல்வார். பதினேழு வந்தது. அதையும் படித்தாள். மனுதாரர் குறிப்பிடும் இடத்துக்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை என்ற குறிப்பையும் சேர்த்துப் படித்தாள். அவர் அடுத்ததற்குப் போகச் சொன்னபோது கணவன் எழுந்து, பேச இரண்டு நிமிடம் கேட்டான்.

வேலையை நிறுத்த வேண்டாம், இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் அந்த ஒன்பதடியை மட்டும் ஆள் வைத்துக் கையால் தோண்டிப் பாருங்கள் என்றான். பின்வரிசையில் யாரோ, இருக்கிறவர்களுக்கே தண்ணீர் இல்லை, இதில் செத்தவர்களுக்காக வேறு காத்திருக்க வேண்டுமா என்றார்கள். தையல்காரம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சத்தம் அடங்கியது.

சாட்சி உண்டா என்று கேட்டார் துணை இயக்குநர். ஓய்வு பெற்ற காவல்காரர் வந்திருந்தார். காது மந்தம். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவருக்குப் புரிந்தது. மொத்தம் எத்தனை குழந்தைகள் என்றதற்கு, "எண்ணலை சார். எண்ணியிருந்தா அந்த வேலையைச் செஞ்சிருக்க முடியாது" என்றார்.

எழுத்து ஆதாரம் இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று துணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கணவன் உட்கார்ந்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் ஒரு தடவைகூட இவள் பக்கம் பார்க்கவில்லை. தான் அவளுடைய புருஷன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சபையே திரும்பியிருக்கும். சொல்லாமல் அவளைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றாள்.

"சார், அங்க இருக்கிறதுல ஒண்ணு என் பொண்ணு. தெரிஞ்சேதான் காலி இடம்னு தப்பா எழுதினேன்."

பத்தொன்பது வருடத்துப் பெயர் ஒரே வாக்கியத்தில் போனது. பிறகு கூட்டத்தில் ஒரு பெண் மெதுவாக எழுந்து, எனக்கும் அங்கே ஒன்று உண்டு என்றாள். சுவரோரம் நின்ற ஒருவர் கையைத் தூக்கினார். அப்படி ஏழு பேர்.

நான்கு நாள் கையால் தோண்ட உத்தரவானது. அவளுக்குக் குற்றச்சாட்டுக் கடிதமும், பழைய ஃபைல்கள் அடைத்த ஆவண அறைக்கு மாற்றலும் வந்தன. இரண்டையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

தோண்டும்போது அவளும் கணவனும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். மற்றவர்களும் வந்திருந்தார்கள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் துருப்பிடித்த ஓர் ஊக்கு கிடைத்தது. மூன்றாவது தூணுக்குக் கீழே தோண்டியபோது கணவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மூன்றடி போனார்கள், நாலடி போனார்கள். செம்மண்தான் வந்தது.

"புளிச்ச மண்ணும்மா இது" என்றார் தோண்டியவர், அவளிடம் மட்டும் கேட்கிற குரலில். "அவ்வளவு சின்ன எலும்பெல்லாம் இதுல நிக்காது. நாலஞ்சு வருஷத்துலயே கரைஞ்சிருக்கும்."

கணவனுக்கும் அது கேட்டது. பதினோரு வருடம் மாதம் தவறாமல் வந்து நின்றவன், குழிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றான்.

நான்காம் நாள், கடைசித் தூணுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் பட்டை வந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டுவது. எழுத்து முழுக்க அழிந்திருந்தது. தோண்டியவர் அதைத் துடைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஏழு பேரும் இவர்களும் அதைச் சுற்றி நின்றார்கள். விசாரணையில் முதலில் எழுந்து நின்றாளே, அந்தப் பெண் கை நீட்டி எடுத்துக்கொண்டாள். "இது எங்களோடதுதான். எனக்குத் தெரியுது" என்றாள். அதில் தெரிவதற்கு ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் கணவனைப் பார்த்தார்கள், ஆட்சேபனை மனு போட்டவன் அவன் என்பதால்.

"ஆமாம்மா, உங்களோடதுதான்" என்றான் அவன்.

சுவர் ஓரத்து மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரு பெட்டியில் போட்டு, புது இடத்தில் வைத்து, மேலே ஒரு கல் நட்டார்கள். பெயர் எதுவும் எழுதவில்லை. யார் பெயரை எழுதுவது? கணவன் அன்று போனதோடு சரி. பிறகு அங்கே போகவே இல்லை. அவள் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்றான், கோபமில்லாமல்.

பதினான்கு மாதத்தில் தொட்டி எழும்பியது. விரிவாக்கப் பகுதியில் குழாய் திறந்தார்கள். லாரி நின்றுபோனது. தையல்காரம்மா ஆவண அறையைத் தேடிக் கண்டுபிடித்து வந்தாள், இந்தத் தடவை மனு இல்லாமல். வீட்டுக்கே தண்ணீர் வருகிறது மேடம் என்றவள், இவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவள், முதல் தடவையாக உட்கார்ந்தாள். அன்றைக்கு டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

அந்த வாரக் கடைசியில், ஒரு மத்தியான வேளை, கணவன் கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒரு பழைய கம்ப்ரஸரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முன்னறைப் படுக்கை இன்னமும் முன்னறையில்தான் இருந்தது. பேச்சு எல்லாம் உப்பு, பல்பு, சாவி என்ற அளவில்தான் நடந்துகொண்டிருந்தது.

"அந்தப் பட்டை," என்றாள். "நம்ம குழந்தைக்கும் கட்டியிருந்தாங்களா?"

"கட்டியிருந்தாங்க."

"அப்ப அது..."

"தெரியல. அந்தம்மா கையில இருக்கட்டும்."

அவன் ஒரு திருகாணியைக் கழற்றி மூடியில் போட்டான். அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு, பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகக் கேட்காததைக் கேட்டாள்.

"முகம் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

அவன் கை நின்றது. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். கறுப்பாக மசகு ஒட்டியது. மூக்கு அவளுடையது என்றான். காது சின்னதாக, ஓரம் மடிந்திருந்தது என்றான். முடி நிறைய இருந்தது என்றான், கறுகறுவென்று. அவள் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நெற்றி? அகலம் என்றான். கண் திறந்ததா? ஒருதரம் திறந்தது, வெளிச்சத்துக்குக் கூசி மூடிக்கொண்டது. கொஞ்சம் கழித்து, தலையில் கை வைத்தால் வழுவழு என்று இருக்கும், முடியே கிடையாது என்றான்.

அவனுக்கு மறந்துபோயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. எப்போது மறந்ததோ, எத்தனை மாதம் அந்தச் சுவரோரம் நின்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தானோ. அவள் திருத்தவில்லை. அவன் குரல் உடைந்து நின்ற இடத்தில், விரல்கள் எப்படி இருந்தன என்று கேட்டாள்.