முப்பத்தொரு வீட்டு ஞானஸ்நானம்

மனான்டாவ் தீவில் ருஸ்டிகோவுக்கும் லாலிக்கும் பிறந்த பெண் குழந்தை, பிறந்த மூன்றாம் நாளிலிருந்து, தூங்கிய வீட்டில் விழித்ததே இல்லை. அம்மாவின் பக்கத்தில் கண்ணை மூடுவாள். கண் திறக்கும்போது வேறு யார் வீட்டிலாவது கிடப்பாள். முதல் தடவை யூஃபேமியா வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில், இரண்டாம் தடவை ஊர்த்தலைவர் டியோஸ்கோரோவின் தொப்பையின் மேல். அவர் தொப்பை அவரைவிடப் பெரியது, அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சைப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்து தூக்கம் என்றால் ஐந்து வீடு. லாலி பால் கட்டிப்போன மார்பை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வாசல் வாசலாக வந்து, "இங்க வந்தாளா?" என்று கேட்பாள். ஈஸ்டருக்குள் எங்கள் தீவின் முப்பத்திரண்டு வீடுகளில் லாலியின் வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளை விழித்துவிட்டாள்.

ஊருக்கு இதில் ஏகக் கொண்டாட்டம். பேரப்பிள்ளை இல்லாதவர்கள்கூட வீட்டில் தூளி கட்டினார்கள். பிள்ளை வந்த வீட்டுக்காரனுக்கு அன்று மீன் நிறையப் படும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது சுத்தப் பொய். எங்கள் வீட்டுக்கு அவள் வந்த அன்று என் வலையில் ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. ஆனால் அன்று முழுக்க வீட்டில் யாரும் சண்டை போடவில்லை, அது எங்கள் வீட்டில் மீனைவிட அரிது. லாலிக்கு மட்டும் வயிறு எரிந்தது. பெற்றவளுக்கு ஒரு நாள்கூட கண் விழிக்கும்போது பிள்ளை பக்கத்தில் இல்லை என்றால் எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு யூஃபேமியா கிணற்றடியில், "நேத்து மூணு தடவ எங்க வீட்டுக்குத்தான் வந்தா, என்னோட குழம்பு வாசம் புடிச்சிருக்கு போல" என்று ஊரைக் கூட்டிச் சொன்னாள்.

ஞானஸ்நானம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று மருத்துவச்சி சொன்னாள். பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைக்கு எது தன் வீடு என்று தெரியாதாம். லாலி அதைப் பிடித்துக்கொண்டாள். ருஸ்டிகோதான் முரண்டு பிடித்தான். அவன் முன்பு பெரிய கப்பலில் வேலை பார்த்தவன், அங்கே ஒரு போதகர் பேச்சைக் கேட்டு வந்திருந்தான். விவரம் தெரிந்த வயதில் அவளே கேட்டு வாங்கட்டும் என்றான். "பெத்துப்போட அவகிட்ட கேட்டியா?" என்றாள் லாலி. "பால் வேணுமான்னு கேட்டுட்டா குடுக்கறேன்? அவ வாயத் தொறந்து கேக்கற வரைக்கும் காத்திருந்தா எலும்புதான் மிஞ்சும். சாமி குடுக்கறதும் அப்படித்தான்யா, கேக்காமலே குடுக்கறது." ருஸ்டிகோ படகுக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டான்.

எங்களுக்குக் கோயில் பெரிய தீவில், மோட்டார் படகில் இரண்டு மணி நேரம். வெளித்தீவுப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் மூன்று ஞாயிறுதான் ஞானஸ்நானம். மார்ச்சில் கொண்டுபோனார்கள். பவளப்பாறையைத் தாண்டும்போது பிள்ளை கொட்டாவி விட்டாள், மடி காலியானது. திரும்பி வந்து பார்த்தால் விதவை பசிலிசாவின் கருவாட்டுக் கூடையில் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஜூனில் கரை வரைக்கும் பாட்டுப் பாடி, தகரம் தட்டி விழிக்கவைத்துவிட்டார்கள். கோயில் வாசலில் இறங்கும் நேரத்தில் கண் சொக்கினாள். அதுவும் போயிற்று.

செப்டம்பரில் பிள்ளை முதன்முதலாக "நானாய்" என்றாள். எங்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம். சொன்னது யூஃபேமியாவைப் பார்த்து. அன்று லாலி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது கடைசி வீடான எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. இந்தமுறை நடக்காவிட்டால் அடுத்த மார்ச்சுக்குள் பிள்ளைக்குத் தான் யாரோ ஆகிவிடுவோம் என்று அவள் பயந்தாள். ஞானப்பெற்றோராக நிற்க ஊரில் ஒருவரையும் கேட்கமாட்டேன் என்று சபதம் போட்டாள். பெரிய தீவிலிருக்கும் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் போதுமாம். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கூப்பிட்டும் மறுப்பவனை மன்னிப்போம், கூப்பிடாதவளை மன்னிக்கமாட்டோம்.

அப்படியும் அக்டோபர் ஞாயிறன்று தீவே கிளம்பியது. அது ருஸ்டிகோவின் யோசனை. வீட்டில் ஆள் இருப்பதால்தானே போகிறாள், ஒரு வீட்டிலும் ஆள் இல்லாவிட்டால் எங்கே போவாள் என்று அவன் ஒவ்வொரு வீட்டிலும் வந்து கெஞ்சினான். ஞானஸ்நானமே வேண்டாம் என்றவன் கெஞ்சுகிறானே என்று நாங்களும் ரோஷத்தை மூட்டை கட்டிவைத்தோம். பதினொரு படகு. வெடி, தகரம், கிதார், ஒரு உயிருள்ள பன்றி. நடுப்படகில் பிள்ளை கண்ணை அகல விரித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். டியோஸ்கோரோ இரண்டு மணி நேரமும் குரங்கு மாதிரி முகத்தைக் கோணிக் காட்டினார். அவருக்கு அதிகம் கோண வேண்டியிருக்கவில்லை.

கோயில் வரைக்கும் விழித்திருந்தாள். பங்குச்சாமி செலடோனியோ பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிட்டாள். பிள்ளையைக் குற்றம் சொல்லமுடியாது. லாலியின் கை காலியானது. அவள் போட்ட சத்தத்தில் மாடத்துப் புறா பறந்தது. ஆனால் தீவில் யாருமில்லை, போக இடமில்லை. மூன்றாம் வரிசையில் யூஃபேமியாவின் கையில் பிள்ளை இருந்தாள். லாலி ஓடினாள், அதற்குள் ஐந்தாம் வரிசை. பிறகு என் கை. அந்தச் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது. பிறகு பசிலிசா, பிறகு டியோஸ்கோரோ. சாமி தண்ணீர்ச் சிப்பியோடு அங்கியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடினார். பாதித் தண்ணீர் எங்கள் மேல்தான் விழுந்தது. மற்ற ஊர்க்காரர்கள் பெஞ்சில் ஏறி நின்று, "அந்தப் பக்கம் சாமி, அந்தப் பக்கம்" என்று கத்தினார்கள்.

சாமி மூச்சு வாங்க நின்றார். "இந்தப் பிள்ளைக்காக யாரும்மா வாக்குக் குடுக்கறது?" என்று கேட்டார். சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு கை தூக்கினார்கள். லாலி சாமியிடம் கெஞ்சினாள். "சீக்கிரம் ஊத்துங்க சாமி. ஊத்திட்டா எங்கிட்டயே இருந்துருவா." சாமி தலையை ஆட்டினார். "இது பிள்ளையக் கட்டிப்போடற கயிறு இல்ல லாலி. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் அவளுக்காகப் பெரியவங்க வாக்குக் குடுக்கறாங்க. கட்டுப்படறது வாக்குக் குடுத்தவங்கதான்."

லாலி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் முதல்முறையாக எங்களிடம் எதையும் பறிக்க வராதவள் மாதிரிப் பார்த்தாள். "யூஃபேமியாக்கா, வாங்க" என்றாள். "எல்லாரும் வாங்க. கைய நீட்டுங்க."

நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு போனோம். முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் தொட்டியைச் சுற்றி நெருக்கி, தொட்டிக்கு மேலே கைமேல் கையாக நீட்டினோம். பிள்ளை இனி எந்தக் கைக்குப் போனாலும் தொட்டிக்கு மேலேதான் இருக்கவேண்டும். சட்டப்படி இரண்டு பேர்தான் என்றார் சாமி. பிறகு, சட்டம் இந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். பிசாசை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார், விட்டுவிடுகிறோம் என்று கூரை அதிரச் சொன்னோம். விசுவசிக்கிறீர்களா என்றார், விசுவசிக்கிறோம் என்றோம். ருஸ்டிகோவும் சொன்னான், நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன பெயர் என்றார். "அகாபிதா" என்றாள் லாலி. முதல் தண்ணீர் யூஃபேமியாவின் கையில் விழுந்தது, இரண்டாவது டியோஸ்கோரோவின் கையில். மூன்றாவது ஊற்றும்போது பிள்ளை லாலியின் கையில் இருந்தாள். விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

அதற்குப் பிறகு ஓட்டம். ஞானஸ்நானம் முடிந்து கோயில் வாசலை முதலில் தாண்டும் பிள்ளை வாழ்க்கையில் முந்தும் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்று மொத்தம் பதினான்கு பிள்ளைகள். மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று ஞானப்பெற்றோர், அகாபிதாவுக்கு நாங்கள் எல்லாரும். அவர்கள் வாசலைப் பார்க்கவே இல்லை, எங்கள் முதுகைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் லாலி கண் விழித்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். வாயோரம் பால் காய்ந்திருந்தது. அசைந்தால் கலைந்துவிடுமோ என்று லாலி வெகுநேரம் மூச்சைக்கூட மெதுவாக விட்டாளாம். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு குறட்டைச் சத்தம் கேட்டது. குழந்தையின் அந்தப் பக்கத்தில், பனியனோடு, டியோஸ்கோரோ படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, சுற்றும்முற்றும் பார்த்து, தொப்பையைச் சொறிந்துகொண்டார். "வாக்குக் குடுத்தமில்ல" என்றார். லாலி உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட்டாள். அதற்கடுத்த நாள் யூஃபேமியா, அதற்கடுத்து பசிலிசா. மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு ஒருவர் என்று தானாகவே முறை வந்துவிட்டது.

அகாபிதா இப்போது ஆஸ்லோவில் நர்ஸ். எங்களுக்கு விடியும்போது அங்கே முந்தின நாள் ராத்திரி, அவள் வேலை முடிந்து வரும் நேரம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவர் கண் விழிக்கிறோம். பாஸ்போர்ட் யாரும் கேட்டதில்லை. கம்பளி போட்டுக்கொண்டு படுப்பது நல்லது. அவள் சூப் காய்ச்சிக் கொடுப்பாள், மருத்துவமனைக் கதை சொல்வாள், காதலிக்கும் பையனைப் பற்றி இதுவரை எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு சின்னத் தூக்கம் போட்டால் இங்கே வந்துவிடலாம்.

பெற்றவர்கள் ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்பதால் லாலிக்கும் ருஸ்டிகோவுக்கும் மட்டும் முறை வருவதில்லை. அதனால் லாலி முந்தின சாயங்காலமே வந்து, கருவாட்டுப் பொட்டலத்தை எங்கள் இடுப்பில் அவளே முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவாள். "இளைச்சிருக்காளான்னு பாத்துட்டு வா. அவ சொல்றத நம்பாத, கையப் புடிச்சுப் பாரு" என்பாள். இன்று என் முறை. கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.