ரெண்டு உப்பு

ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் சாமிதுரைக்கு வலது கை ஆடத் தொடங்கியது. டீ குடித்தால் பாதி வேட்டிக்குப் போனது. இன்னும் பத்து நாளில் மகள் கவிதாவுக்கு நிச்சயம். குன்னத்திலிருந்து வரும் சம்பந்தியோடு தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டிய கை இது.

"எந் தம்பிய மாத்தச் சொல்லிடலாமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் மனைவி மலர்கொடி.

சாமிதுரைக்குச் சுருக்கென்றது. போன வருஷம் அவருக்கு மனசில் ஏறிய வேகம் ஊருக்கே தெரியும். நாலு நாள் கண் மூடாமல், இல்லாத கல்யாணத்துக்கு மூன்று ஊரை அழைத்துப் பந்தலும் போட்டுவிட்டார். சனமும் வந்துவிட்டது! மலர்கொடிதான் உப்புமா கிண்டிப் போட்டு அனுப்பினாள். அப்புறம் பெரம்பலூர் டாக்டர் தேவயானி லித்தியம் மாத்திரை கொடுத்தார், மனசு தரைக்கு வந்தது. இப்போது தட்டை மச்சான் மாற்றினால், மனுசன் இன்னும் தேறவில்லை என்றுதானே ஊர் பேசும்? பெற்ற அப்பன் தானே மாற்ற வேண்டும் என்று அவருக்கு அழுகையே வந்தது.

மறுநாளே இருவரும் பெரம்பலூர் போனார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார்.

"மருந்து அளவு ஏறிக் கெடக்கே. கூடுதலா போட்டீங்களா?"

"இல்லீங்க, இவதான் எண்ணிக் குடுக்குறா."

"சாப்பாடு எப்படி?"

சாமிதுரை தயங்கினார். "ஒரு மாசமா நாக்கு செத்துப்போச்சுங்க. எதத் தின்னாலும் சப்புன்னு இருக்கு."

மலர்கொடி முந்தானையைத் திருகினாள். "இந்த மாத்திரையே ஒரு வகை உப்புதான்னு போன தடவ நீங்கதான டாக்டரம்மா சொன்னீங்க? ரெண்டு உப்பு ஒடம்புக்கு ஆகாதேன்னு, இவருக்கு மட்டும் உப்பு போடாம ஆக்குறேன்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அது வேற உப்பும்மா. ஆனா கிட்னிக்கு அந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது. சாப்பாட்டு உப்பு கொறஞ்சா, மாத்திரை உப்பையும் வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். அது ரத்தத்துல சேந்துதான் கை ஆடுது. ரெண்டு நாள் மாத்திரைய நிறுத்திட்டு வாங்க, ரத்தம் பாத்துட்டுத் திரும்பக் குடுக்குறேன். இனிமே நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. உப்பு எப்பவும் போல இருக்கட்டும், கூட்டவும் வேணாம் கொறைக்கவும் வேணாம். தோப்புல வேல செஞ்சா தண்ணி நல்லா குடிங்க."

பஸ்ஸில் மலர்கொடி பொரிந்தாள். "ஒரு மாசம் உப்பில்லாம தின்னீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"சொன்னா மறுபடி வேகம் ஏறிடுச்சும்ப. கொஞ்சம் சத்தமா சிரிச்சதுக்கே ஓடிப்போயி மாத்திரைய எண்ணிப் பாத்தவதான நீ?"

அன்று ராத்திரி மலர்கொடி எல்லாருக்கும் ஒரே சட்டியில் உப்புப் போட்டு ஆக்கினாள்.

நிச்சயத்தன்று தட்டு கை மாறியது. ஒரு பாக்குகூட உருளவில்லை. சாமிதுரைக்கு முகம் கொள்ளாத பூரிப்பு.

பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்து வாயில் வைத்தவர், தோப்பே அதிரும் குரலில் கத்தினார்.

"ஏ மலரு! ரசத்துல உப்பு பத்தல!"

பந்தியில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கவிதா பதறி அம்மாவைப் பார்த்தாள். மலர்கொடி மாத்திரை டப்பா பக்கமே திரும்பவில்லை. ரசத்தை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆமாங்க, பத்தலதான்!" என்று உப்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.