சாம் காட்டிய ஊர்

எலிசபெத் ஏரியிலிருந்து கரையேறி நிற்கும்போதே மகள் பிரின்சி போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "யம்மா, சாம் வீடியோல வந்துக்கிறான். ஜல்தியா பாரு." எலிசபெத்தால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இறால் போடும் ஓலைக் கூடையான பறி இன்னும் அவள் பல்லிடுக்கில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் பறியைப் பிடிக்க வாயை விட்டால் வேறு வழி கிடையாது. பிடித்த இறாலெல்லாம் அதற்குள் துள்ளிக்கொண்டிருந்தன. பறியை மணலில் வைத்து, ஈரக் கையை ஈரப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் முகம் தெரியும் என்று பார்த்தால் அதில் ஜனம்தான் தெரிந்தது.

அப்படி ஒரு ஜனத்தை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பாதையின் இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் கூட்டம், நடுவில் வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. தலைக்கு மேலே ரயில் போனது. ரயிலுக்குக் கீழே கரண்டுக் கம்பிகள் சிக்கெடுக்க முடியாத வலையாகத் தொங்கின. அவள் ஊரான தோணிரேவு, பழவேற்காடு, சுற்றியுள்ள குப்பங்கள் எல்லாவற்றையும் வழித்து எடுத்து ஒரே தெருவில் கொட்டினாலும் அவ்வளவு பேர் தேற மாட்டார்கள். அவளுக்குக் கண்ணைக் கட்டியது.

"இன்னாடா இது, தேர் சுத்துறாங்களா?"

"தேரும் இல்ல ஒன்னியும் இல்லம்மா. சும்மா வேல நாளு. பாங்காக்ல தெனமும் இப்டித்தானாம்." இப்போதுதான் அவன் முகம் வந்தது. பூப்போட்ட சட்டை, முழங்கால் தெரியும் டிராயர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முதுகில் ஆளையே பின்னால் இழுக்கிற பெரிய நீலப் பை. மெரினாவைத் தாண்டி ஊர் சுற்றிப் பார்த்திராத பையன் உலகம் சுற்றும் துரையாக நின்றான். எல்லாம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் எளாவூர் ஏஜெண்ட் ஆதிகேசவன் ஏற்பாடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை முடிந்து சும்மா கிடந்தவனைப் பிடித்து, வெளிநாட்டில் கம்ப்யூட்டர் தட்டுகிற வேலை என்று ஆசை காட்டி, பையையும் அவனே வாங்கிக் கொடுத்து, விமானத்திலிருந்து இறங்கும்போது ஊர் பார்க்க வந்தவனைப் போல இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். வேலைக்குப் போகிறவனுக்கு எதற்கடா வேஷம் என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புதுச் சட்டையில் பிள்ளை அழகாக இருந்தான், அவ்வளவுதான் எலிசபெத் பார்த்தாள்.

சாம் நடந்துகொண்டே காட்டினான். ஒரு தள்ளுவண்டியில் ஏதோ கறுப்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். அவன் போனைக் கிட்டத்தில் கொண்டுபோனான்.

"ஏசப்பா! தேளுடா அது!"

"வறுத்து துன்றாங்கம்மா. நானும் ஒன்னு துன்னு பாக்கட்டா?"

"துன்னுட்டு வூட்டுப் பக்கம் வந்துடாத."

பிரின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எலிசபெத்துக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் கண் அந்தக் கூட்டத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன்கூட இன்னொருவன் முகத்தைப் பார்க்காமல் போனான். இவ்வளவு பேருக்கு நடுவில் பிள்ளை தடுக்கி விழுந்தால் யார் தூக்குவார்கள்? கொஞ்ச தூரத்தில் அவள் புருஷன் ஆபிரகாம் தோணியில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். பேச்சைக் கேட்காமல் கிளம்பிப் போன மகனோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சிரிப்புச் சத்தம் கேட்டும் கேட்காதவனாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"சரிம்மா, வண்டி வந்துடுச்சு. இனிமே பேச முடியாது."

"ஏன்டா?"

"ஏறினதும் போன குடுத்துடணுமாம். பாஸ்போர்ட்ட கம்பெனி ஆளுங்க ஏர்போர்ட்லயே வாங்கிக்கினாங்க. ஆபீஸ்ல பத்திரமா வெச்சிப்பாங்களாம். இன்னா டிசிப்ளின் பாரேன்."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். வண்டியையும் காட்டினான். வெள்ளை வேன், கண்ணாடியெல்லாம் கறுப்பு. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான், சிரிக்கவில்லை. உள்ளே சாமின் வயதுப் பையன்கள், நம் பக்கத்து முகங்கள். ஒவ்வொருவன் மடியிலும் அதே பெரிய நீலப் பை. ஒரே கடை, ஒரே நிறம், ஒரே அளவு. அவள் பிள்ளைக்கென்று ஆசையாக வாங்கிக் கொடுத்த பை என்றல்லவா ஆதிகேசவன் சொன்னான்! ஓரத்தில் இருந்த பையன் மட்டும் தலையைத் தூக்கினான். அழுது வீங்கிய கண். கதவருகே நின்றவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைப் பார்த்து, தெரிந்தும் தெரியாமலும் ஒரு முறை தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

"சாமு, ஏறாதடா. எனக்கு ஒரு மாதிரியா கீது. ஏறாத."

"இன்னாம்மா நீ? நைனா மாதிரி சேத்துலயே கெடக்கச் சொல்றியா? வேலைம்மா அது. போன வெக்கிறேன்."

"டேய், உள்ள அந்தப் பையனப் பாருடா!" பிரின்சியும் கத்தினாள். அவன் பார்க்கவில்லை. போன் கையிலிருக்க, ஒரு காலைத் தூக்கி வண்டியின் படியில் வைத்தான்.

ஏறாதே என்றால் கேட்க மாட்டான். ஒரு மாதமாகப் போகாதே போகாதே என்று அவன் அப்பன் சொன்னான், வாயில் வந்தபடி திட்டியும் சொன்னான். அந்தப் படியில் வைத்த காலை இறக்க எலிசபெத்திடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தோணிரேவில் தொழிலுக்குப் புறப்படுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அன்றைக்குத் தொழில் போச்சு. தண்ணீரில் இறங்கிய தோணியாக இருந்தாலும் இழுத்துக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். கல்யாணமான புதிதில் அவள் வாய் தவறி ஒருநாள் கேட்டுவிட, ஆபிரகாம் வலையை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை அவளை முறைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். அதிலிருந்து அந்தக் கேள்வி அவள் வாயில் வந்ததே இல்லை. சாம் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதும் வரவில்லை. எந்த ஊர், என்ன கம்பெனி, யார் வந்து கூட்டிப்போவார்கள், ஒன்றும் கேட்காமல், நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையை மறிக்கக் கூடாது என்று வீடே வாயைப் பொத்திக்கொண்டு வழியனுப்பிவைத்தது. ஆதிகேசவனுக்கு இதைவிடத் தோதான வீடு எங்கே கிடைக்கும்?

எலிசபெத் போனைப் பிடுங்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எங்கடா போற?"

கரை முழுக்கக் கேட்டது. சாமின் கால் படியிலேயே நின்றது. அவன் போனைத் திருப்பி அவளைப் பார்த்தான். அப்பனின் அதே முறைப்பு. "யம்மா! போற நேரத்துல போயி இத்தக் கேக்குறியே!"

"கேப்பேன்டா. எங்க போற? சொல்லு, எங்க போற?"

அவன் வாயைத் திறந்தான். வண்டி எங்கே போகிறது என்று அவனுக்கே ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் பார்த்தான், இப்போதுதான் பார்த்தான். படியிலிருந்து கால் இறங்கியது. கதவைப் பிடித்திருந்தவன் ஏதோ சொல்லிக்கொண்டே அவன் பையின் வாரில் கைபோட, படம் குலுங்கியது. அப்புறம் முகம் இல்லை, வேன் இல்லை. தரையும் கால்களும்தான் தெரிந்தன.

"எங்கடா போற? எங்கடா போற?" எலிசபெத் நிறுத்தவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே கேட்டாள். தண்ணீரில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து, பறியைக் கடித்த வாயோடு திகைத்துப் பார்த்தார்கள். தொழிலுக்குத் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்த கோபால் முழங்காலளவு தண்ணீரில் நின்றுவிட்டான். மற்ற நாளாக இருந்தால் வாயாலேயே அவளைக் கிழித்திருப்பான். இன்று கழியைத் தோணிக்குள் போட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். ஆபிரகாமும் கையிலிருந்ததைக் கீழே போட்டான். வலை தண்ணீரில் சரிவதைக்கூடக் கவனிக்காமல் ஓடிவந்து, அவள் தோளுக்கு மேலாகப் போனைப் பார்த்தான்.

"எங்க கீறான்?"

அவள் போனை அவன் பக்கம் திருப்பினாள். உள்ளங்கை அளவுப் படத்தில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. ஷூ, செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, வெறுங்கால். மகன் ஓடுகிறானா, போன் மட்டும் தெருவில் கிடக்கிறதா என்று தெரியவில்லை. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, ஆயிரம் கால்களுக்கு நடுவில் சாமின் காலைத் தேடினார்கள்.